கண்ணுக்கு வாங்கும் ஸ்டீரியோ

போன வாரம் எங்கள் பக்கத்து ஃப்ளாட்டுக்கு மதுரையிலிருந்து ஒரு குடும்பம் குடிவந்தது. சாஃப்ட்வேர்க்காரர். புதுக் கார் எடுத்து நாலு நாள்தான் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிங்கில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்க பேங்க்ல இருக்கீங்க, கணக்கா சொல்லுவீங்க. ஷோரூம்ல பத்து இன்ச் ஸ்க்ரீன் போட்டுத் தர்றோம்ங்கிறாங்க. டிக்கியில ஒரு சப்வூஃபர். மொத்தம் நாப்பதாயிரம். போடலாமா?"

"போடாதீங்க" என்று சொல்லிவிட்டேன். பாவம், அவர் முகம் சுருங்கிவிட்டது. ஏன் என்று கேட்டார். நின்ற இடத்திலேயே முக்கால் மணி நேரம் பேசினேன். தங்கமணி மூன்றாம் மாடி பால்கனியிலிருந்து இட்லி ஆறிப்போகுது என்று இரண்டு தடவை குரல் கொடுத்தாள். அந்த முக்கால் மணி நேரத்தின் சுருக்கம்தான் இந்தப் பதிவு.

என் கட்சி இதுதான். காருக்கு ஸ்டீரியோ போடும்போது நாம் பணத்தைத் தலைகீழாகச் செலவு செய்கிறோம். கண்ணுக்குத் தெரிவதற்கு முதலில் கொட்டுகிறோம். காதுக்குக் கேட்பதற்கு மிச்சம் மீதி. கார் தீப்பிடிக்காமல் இருப்பதற்கு ஒன்றுமே இல்லை. வரிசையைத் திருப்பிப் போட்டால் பாதிக் காசில் இரண்டு மடங்கு நல்ல சத்தம் கிடைக்கும், நிம்மதியும் கிடைக்கும்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி? பி.காம். படித்தவன், எலக்ட்ரானிக்ஸ் ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் 33,000 ரூபாய் தண்டம் அழுதவன். அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போகிறேன். எனக்கு நாமக்கல் பக்கம். தொண்ணூறுகளின் கடைசியில் காலேஜுக்குப் போன எங்கள் ஊர்ப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள். தனியார் பஸ்ஸில் எந்த வண்டியில் 'செட்டு' நன்றாக இருக்கிறது என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். காலியாக வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு, பாட்டுக்காக அடுத்த பஸ்ஸில் படியில் தொங்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள். இளையராஜா பாட்டில் பேஸ் கிட்டார் என்று ஒன்று தனியாக ஓடுகிறது என்று எனக்குத் தெரிந்ததே அந்த பஸ்களில்தான். அந்தக் காது, புனே வந்து பல வருஷம் ஆகியும் போகவில்லை. 2016இல் கார் வாங்கினதும் முதல் ஆசை 'செட்டு' போடுவதுதான்.

நான் செய்த முதல் தப்பு, ஸ்க்ரீன். 19,000 ரூபாய். பளபளவென்று இருந்தது. மேப் வரும், ரிவர்ஸ் கேமரா வரும், கலர் கலராய் லைட் எரியும். பாட்டைப் போட்டேன். பழைய சத்தமேதான் வந்தது! வராமல் என்ன செய்யும்? கதவில் இருப்பது கம்பெனி போட்ட அதே சாதாரண காகித ஸ்பீக்கர்தானே. சமையல்காரரை மாற்றாமல் ஹோட்டலுக்குப் பெயின்ட் அடித்த கதை.

இரண்டாவது தப்பு, அந்தக் குறையைத் தீர்க்கிறேன் பேர்வழி என்று டிக்கியில் ஒரு சப்வூஃபரும் அதற்கு ஆம்ப்ளிஃபயரும். 14,000 ரூபாய். இப்போது சத்தம் வந்தது. கண்ணாடி அதிர்ந்தது, நம்பர் பிளேட் அதிர்ந்தது. சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த மாதம் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும்போது சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசத்தைப் போட்டேன். பின்சீட்டில் இருந்த அம்மா கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"சத்தமெல்லாம் நல்லாத்தான் வருது கண்ணு. சொல்லுதான் வெளங்க மாட்டேங்குது."

எனக்குச் சுருக்கென்றது. ஐம்பது வருஷமாக மனப்பாடமாகச் சொல்லி வருகிற கவசம் அது. அதிலேயே அம்மாவுக்குச் சொல் விளங்கவில்லை. சத்தத்தைக் கூட்டினேன், இன்னும் மோசம்.

பிறகுதான் விஷயத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது. சொல்லைச் சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யெழுத்துகளுக்கு, குறிப்பாக ச, த மாதிரி ஒலிகளுக்கு, 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள பகுதிதான் முக்கியம். வயதானால் காது முதலில் இழப்பது உயர்ந்த அதிர்வெண்களைத்தான். போதாததற்கு, தாழ்ந்த சத்தம் பலமாக இருந்தால் அது மேலே உள்ள மெல்லிய ஒலிகளை மூடிவிடும். டயர் இரைச்சலும் தாழ்ந்த பக்கம்தான். அதோடு நான் சப்வூஃபரையும் சேர்த்து அம்மாவின் காதில் மெய்யெழுத்தே விழாமல் செய்திருக்கிறேன்.

எங்கள் மகளுக்கும் இதே கதைதான். அவள் புனேயில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும். தமிழ் என்பது வீட்டில் நாங்கள் திட்டுவதும், காரில் ஓடும் பாட்டும்தான். அவள் பாட்டில் பாதிச் சொல்லைத் தப்பாகப் பாடுவாள். நாங்கள் சிரிப்போம். சிரித்திருக்கக் கூடாது. அவள் காதுக்கு வந்ததைத்தானே பாடுகிறாள்? ஊரில் இருக்கிற பிள்ளைக்குத் தெருவெல்லாம் தமிழ். நம் பிள்ளைகளுக்குத் தமிழ் கேட்கிற இடமே இரண்டு மூன்றுதான். அதில் ஒன்று கார். அங்கேயும் 'டும் டும்' மட்டும் கேட்டால் எப்படி?

சரி, கணக்குக்கு வருவோம்.

ஸ்டீரியோ டப்பாவின் மேல் '50 வாட் x 4' என்று போட்டிருப்பான். நம்பாதீர்கள். வண்டி ஓடும்போது காரின் மின்னழுத்தம் சுமார் 14 வோல்ட். அலையின் உச்சம் 14 வோல்ட் என்றால் ஆர்.எம்.எஸ். கணக்கில் சுமார் 10 வோல்ட். வழக்கமான ஸ்பீக்கர் 4 ஓம். 10ஐ 10ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 25 வாட். அதுவும் துளி நஷ்டமில்லாமல் வந்தால். நடைமுறையில் ஒரு ஸ்பீக்கருக்கு 15 முதல் 20 வாட் சுத்தமாகக் கிடைத்தால் பெரிது. பிறகு அந்த 50 எங்கிருந்து வந்தது? கண நேர உச்சத்தை, சத்தம் கரகரத்துப் போன நிலையில் அளந்தது. 'பி.எம்.பி.ஓ.' என்று ஆயிரக்கணக்கில் போடுவார்களே, அதற்கு இந்த அளவுக்குக்கூட ஆதாரம் கிடையாது.

நம்ம பாஷையில் சொன்னால் இது ஃப்ளாட் ரேட் வட்டி. ஐந்து வருஷக் கடனுக்கு '7 சதவீதம் ஃப்ளாட்' என்று போர்டு வைப்பார்கள். குறையும் நிலுவைக் கணக்கில் போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய 12.5 சதவீதம். கடன் வாங்க வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது. அதே நான், ஸ்டீரியோ கடையில் '50 x 4' என்றதும் வாயைப் பிளந்துகொண்டு கார்டைத் தேய்த்தேன். டப்பாவில் பார்க்க வேண்டியது ஆர்.எம்.எஸ். வாட் ஒன்றுதான். அதைப் போடாதவன் எதையோ மறைக்கிறான்.

இன்னொரு எண்ணும் உண்டு, யாரும் கேட்பதில்லை. சென்சிட்டிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் தருகிறது என்பது. 3 டெசிபல் கூடினால், இரண்டு மடங்கு வாட் கொடுத்ததற்குச் சமம். 87 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், உங்கள் 15 வாட் 30 வாட்டைப் போல வேலை செய்யும். ஆம்ப்ளிஃபயர் செலவே மிச்சம். இந்த எண் ஸ்பீக்கர் டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள்.

அடுத்தது கதவு. கார்க் கதவு என்பது ஓட்டை விழுந்த தகர டப்பா. ஸ்பீக்கர் முன்னால் தள்ளும் காற்றும் பின்னால் தள்ளும் காற்றும் எதிரெதிர். பின்பக்கத்துச் சத்தம் ஓட்டை வழியாக முன்னால் வந்து கலந்தால், பேஸை ஒன்றுக்கொன்று தின்றுவிடும். பல பேர் சப்வூஃபர் வாங்குவது கதவு தின்றுவிட்ட பேஸுக்காகத்தான். உள்ளே பியூட்டைல் ரப்பரில் அலுமினியத் தாள் ஒட்டிய ஷீட்டைப் பரப்பி, ஓட்டைகளை மூடினால், அதே ஸ்பீக்கர் வேறு ஸ்பீக்கர் மாதிரிப் பாடும். கதவைத் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டது 'டொக்' என்று கேட்கும். விலை குறைச்சல் என்று தார் ஷீட் ஒட்டுவார்கள், வேண்டாம். வெயிலில் உருகும், நாறும். கதவின் அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் மூடிவிடாதீர்கள். புனே மழையில் கதவு துருப்பிடித்துவிடும்.

இனி தீ விஷயம். இதற்காகத்தான் இத்தனையும் எழுத உட்கார்ந்தேன்.

2018 தீபாவளிக்குக் காரிலேயே ஊருக்குக் கிளம்பினோம். புனே, கோலாப்பூர், பெல்காம், ஹூப்ளி, பெங்களூர், ஓசூர், சேலம், நாமக்கல். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். காரில் நான், தங்கமணி, மகள், அம்மா. சதாரா தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பிளாஸ்டிக் கருகுகிற வாசனை. வெளியே எதையோ எரிக்கிறார்கள் என்று கண்ணாடியை ஏற்றினேன். வாசனை கூடியது. அம்மாதான் "கண்ணு, இது நம்ம வண்டிதான், நிறுத்து" என்றார்.

ஒரு தாபா ஓரமாக நிறுத்தி எல்லோரையும் இறக்கிவிட்டு பானெட்டைத் திறந்தேன். பாட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் தடித்த சிவப்பு வயரில் மெல்லிய புகை. என்ன செய்வதென்று தெரியவில்லை. தாபாவில் டி.என். 28 லாரி ஒன்று நின்றது. நாமக்கல் வண்டி! டிரைவர் சாப்பிட்ட கையோடு ஓடி வந்தார். பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பாட்டரி நெகட்டிவ்வைக் கழற்றிவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார்.

"பியூஸ் எங்கண்ணே?"

பியூஸ் இல்லை. இன்ஜின் பக்கத்திலிருந்து உள்ளே வரும் தகரத்தில் ஒரு துளை போட்டு, அதில் ரப்பர் வளையம்கூட மாட்டாமல் வயரை அப்படியே இழுத்திருக்கிறார்கள். இரண்டு வருஷம் அதிர்ந்து அதிர்ந்து தகர விளிம்பு வயரின் தோலை அறுத்து, செம்பு பாடியைத் தொட ஆரம்பித்திருக்கிறது. கார் பாட்டரியை நேராக பாடியில் தொடவிட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். வெல்டிங் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊருக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்.

"லாரியில ஒரு லைட்டு போட்டாக்கூட பியூஸ் வெச்சுத்தான் போடுவோம் அண்ணே. குடும்பத்தோட போற வண்டியில இப்படிப் பண்ணி வெச்சிருக்கானே" என்றார். அந்த வயரை வெட்டி, முனையில் டேப் சுற்றி, டீயும் வாங்கிக் கொடுத்து அனுப்பிவைத்தார். காசு வாங்கவில்லை. மீதி தூரம் பாட்டே இல்லாமல் வந்தோம். யாரும் அதிகம் பேசவும் இல்லை.

திரும்பி வந்து அந்தக் கடையில் கேட்டேன். "பியூஸ் ஆம்ப்ளிஃபயர்லயே இருக்கே சார்" என்றார் கடைக்காரர். இதுதான் பலருக்கும் புரியாத இடம். ஆம்ப்ளிஃபயரில் இருக்கும் பியூஸ் ஆம்ப்ளிஃபயரைத்தான் காப்பாற்றும். பாட்டரியிலிருந்து டிக்கி வரை பதினைந்தடி ஓடுகிற வயரை யார் காப்பாற்றுவது? அதற்குப் பாட்டரி பக்கத்திலேயே, 18 அங்குலத்துக்குள், இன்னொரு பியூஸ் வேண்டும். அதன் விலை சில நூறு ரூபாய். 33,000 ரூபாய் பில்லில் அந்தச் சில நூறு இல்லை. நானும் கேட்கவில்லை. ஸ்க்ரீனில் என்ன கலர் வால்பேப்பர் வரும் என்று மட்டும் கேட்டேன்.

வயரிலும் ஏமாற்று உண்டு. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயர் பார்வைக்குச் செம்பு மாதிரியே இருக்கும், மின்சாரம் கடத்துவது செம்பைவிட நன்றாகவே குறைவு. கடைசி முனையைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம்.

2019இல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி செய்தேன். சப்வூஃபரையும் ஆம்ப்ளிஃபயரையும் 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். புதுச் செலவு அப்போதைய விலையில் இது:

1. முன் கதவுகளுக்கு வூஃபர், ட்வீட்டர் தனித்தனியான காம்பொனென்ட் ஸ்பீக்கர்: 8,500
2. இரண்டு முன் கதவுகளுக்கும் பியூட்டைல் ஷீட்: 4,000
3. பின் கதவுகளுக்குச் சாதாரண கோஆக்சியல் ஸ்பீக்கர்: 3,500
4. கப்ளர், செம்பு வயர், பியூஸ்: 1,500
5. கூலி: 2,500

ஆக மொத்தம் 20,000. ஆம்ப்ளிஃபயர் கிடையாது. ஸ்க்ரீனில் இருக்கும் அந்த 15 வாட்டே போதும்.

மூன்றாவது வரி பற்றி ஒரு வார்த்தை. ஆடியோ நிபுணர்கள் பின் ஸ்பீக்கர் தேவையில்லை, கச்சேரி முன்னால்தான் நடக்க வேண்டும் என்பார்கள். சரிதான். ஆனால் அவர்கள் காரில் பின்சீட்டில் யாரும் இல்லை போலிருக்கிறது. நம் காரில் அம்மா பின்சீட்டில் இருக்கிறார்.

நாலாவது வரியில் உள்ள கப்ளர் முக்கியம். கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றாமல், இடையில் செருகுகிற இணைப்பு அது. வெட்டினால் நாளைக்கு ஏதாவது மின்கோளாறு வரும்போது சர்வீஸ் சென்டரில் முதல் கேள்வியே அந்த வெட்டைப் பற்றித்தான் இருக்கும். 'வெட்டாமல் போடுவீர்களா?' என்று முதலில் கேளுங்கள். தயங்கினால் அடுத்த கடை.

வேலை முடிந்ததும் ஒரு சோதனை. பேலன்ஸை முழுக்க இடப்பக்கம் வைத்துக் கேளுங்கள், பிறகு முழுக்க வலப்பக்கம், பிறகு நடுவில். நடுவில் வைக்கும்போது பேஸ் குறைந்தால் ஒரு ஸ்பீக்கருக்கு பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறது. என் காரிலும் மாறியிருந்தது. கண்டுபிடித்தது என் மகள்.

இப்போது வரும் பல கார்களில் ஸ்க்ரீனோடு ஏ.சி. கன்ட்ரோலும் கேமராவும் பின்னிப் பிணைந்திருக்கின்றன. அதைக் கழற்றவே வேண்டாம். ஸ்பீக்கரையும் கதவையும் மட்டும் பாருங்கள். இன்னும் வேண்டுமென்றால், கம்பெனி ஸ்க்ரீனின் ஸ்பீக்கர் வயரிலிருந்தே சிக்னல் எடுத்துக்கொள்ளும் டி.எஸ்.பி. ஆம்ப்ளிஃபயர்கள் இருக்கின்றன.

"டாப் வேரியன்ட் வாங்கிட்டா தொல்லையே இல்லையே" என்பார்கள். ஏர்பேக்குக்காகவும் வேறு வசதிகளுக்காகவும் வாங்குங்கள், தப்பில்லை. பாட்டுக்காக மட்டும் லட்சக் கணக்கில் கூடுதல் கொடுத்து, அதற்கு ஏழு வருஷம் வட்டியும் கட்டுவது என் கணக்கில் உதைக்கிறது.

வெளியே போட்ட சாமானுக்கு இன்ஷூரன்ஸ் தானாக வராது. 2002ஆம் வருஷத்து இந்திய மோட்டார் டாரிஃபில் 24ஆம் எண் எண்டார்ஸ்மென்ட் இதற்கென்றே இருந்தது. சாமான் மதிப்பில் 4 சதவீதம் கூடுதல் பிரீமியம், அதாவது 20,000க்கு 800 ரூபாய். 2007இலிருந்து சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கின்றன. ஆகவே உங்கள் கம்பெனியில் கேட்டு பாலிசியில் ஏற்றிக்கொள்ளுங்கள். பில் இல்லாமல் இதெல்லாம் நடக்காது. 'பில் வேண்டாம்னா கம்மி பண்றேன் சார்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

சத்தமும் ஒரு செலவுதான். 85 டெசிபல் எட்டு மணி நேரம் வரை சரி, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனத்தின் அளவுகோல். 94 டெசிபலில் ஒரு மணி நேரம்தான். ஊருக்குப் போகும் பயணமோ பதினெட்டு மணி நேரம். நல்ல ஸ்பீக்கரின் பெரிய லாபம், குறைந்த சத்தத்திலேயே சொல் தெளிவாகக் கேட்பது. பின்னால் வரும் ஆம்புலன்ஸும் கேட்கும்.

பக்கத்து ஃப்ளாட்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ ஸ்க்ரீன் வேண்டவே வேண்டாமா சார்?" என்றார். ஆசை விடவில்லை! வாங்குங்கள், கடைசியில் வாங்குங்கள் என்றேன். முதலில் கதவு, ஸ்பீக்கர், வயர், பியூஸ். அதற்குப் பிறகும் காசு மிச்சம் இருந்தால், மனசும் கேட்டால், ஸ்க்ரீன்.

2019இல் அந்த வேலை முடிந்த வெள்ளிக்கிழமை அம்மாவை மறுபடி கோயிலுக்கு அழைத்துப் போனேன். அதே கவசம். பேஸைக் குறைத்து நடுவில் வைத்திருந்தேன், சத்தமும் பாதிதான். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்கூட விடவில்லை.

பி.கு.: பழைய 33,000 ரூபாயைப் பற்றி தங்கமணி இதுவரை வாயே திறக்கவில்லை. மிக்ஸி மாற்ற வேண்டும் என்று மட்டும் அடிக்கடி சொல்கிறாள். எதற்கும் அதன் ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அன்று ராத்திரி எனக்குச் சட்னி கிடையாது.